ஒரே மரக்கால், ரெண்டு அளவு

பசிக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். மேடையில் சொல்கிறார்கள், சிறுகதைத் தொகுப்புகளின் முன்னுரையில் எழுதுகிறார்கள், கருத்தரங்கில் தேநீர் இடைவேளைக்கு முன்னால் கடைசி வாக்கியமாக வைத்துக் கைத்தட்டல் வாங்குகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. வயிறு எல்லாருக்கும் ஒன்றுதான், எரிவதும் ஒரே மாதிரிதான். ஆனால் பசித்த பிள்ளைக்குச் சோறு எந்த வாசலில் கிடைக்கும், முன்வாசலா கொல்லைப்புறமா, இலையிலா ஏந்திய கையிலா, போடுகிறவர் கை எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது வயிறு இல்லை. ஒரு குழந்தை வறுமையை அறிந்துகொள்ளும் கதைகள் தமிழில் நிறைய இருக்கின்றன. நல்ல கதைகளே இருக்கின்றன. அந்தக் குழந்தை எதை அறிந்துகொள்கிறது, எதை அறியாமலே கதை முடிந்துபோகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் 'ஏழை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்கும் முதல் இடம் எது? 'ஓர் ஊரிலே ஓர் ஏழைப் பிராமணன் இருந்தான்.' எத்தனை கதைகள் இப்படித் தொடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நாள் முழுக்க நடவு நட்டு, இடுப்பு ஒடிந்து வந்து படுத்த எங்கள் பாட்டியே இந்தக் கதையைத்தான் சொன்னாள். 'அய்யோ பாவம், அவன் வூட்ல ஒருவேளைச் சோத்துக்கு இல்ல' என்று உச்சுக் கொட்டிச் சொன்னாள். அவள் வீட்டில் அன்றைக்கு என்ன இருந்தது என்று கேட்கிற கதை அவளுக்கே தெரியாது. கதையில் ஏழையாக இருப்பதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கதையில் கிடைத்த பெயர் ஏழை அல்ல. பண்ணையாள், படியாள், அடிமை, கூலி.

குசேலனைப் பாருங்கள். 27 பிள்ளைகள், பசி, கந்தல். கந்தல் முனையில் முடிந்த அவல். அவன் நடந்துபோய்ச் சேர்கிற இடம் கூடப் படித்தவனின் அரண்மனை. சாந்தீபனியிடம் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்டவன் இன்றைக்கு ராஜா. ஒரு பிடி அவலுக்கு மாளிகை எழும்புகிறது. பக்தி என்று சொல்லுங்கள், நட்பு என்று சொல்லுங்கள், நான் பார்ப்பது வேறு. அந்தத் திண்ணையில் உட்காரும் உரிமை இருந்ததால்தான் குசேலனின் வறுமை தீர்ந்தது. இந்தப் பக்கம் நந்தன். அவனும் இல்லாதவன்தான். அவன் கேட்டது மாளிகை இல்லை, ஒரே ஒரு நாள் விடுப்பு, தில்லைக்குப் போய்வர. அவனுக்குக் கிடைத்தது நெருப்பு. குசேலன் வீட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கை வரைக்கும் நமக்குத் தெரிகிறது. நந்தனுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, அவர்கள் என்ன தின்று வளர்ந்தார்கள் என்று பெரியபுராணம் கேட்கவில்லை.

சரி, புராணத்தை விடுங்கள், நவீன இலக்கியத்துக்கு வாருங்கள் என்பார்கள். வருகிறேன்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்து உருகாதவர்கள் இல்லை. நானும் அதைக் குறைத்துப் பேச வரவில்லை. பிள்ளைகள் கூடி யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று போட்டி போடுகிறார்கள். பணக்கார வீட்டு ராமசாமி ஒன்று சொன்னால், இல்லாத வீட்டு மங்கம்மாள் விடாமல் பதில் சொல்கிறாள். ஏற்றத்தாழ்வு என்பதைக் குழந்தைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்கிற விதத்தை இதைவிடத் துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. தீபாவளிக்கு முந்தின நாள் சிரங்கும் கந்தலுமாக ஓர் அனாதைப் பையன் வருகிறான், பெயர் ராஜா. மங்கம்மாளின் அம்மா அவனைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, வீட்டில் இருந்த புதுத் துணியையும் கொடுத்துவிடுகிறாள். மறுநாள் தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாக ராமசாமி பீற்றிக்கொள்கிறபோது, எங்கள் வீட்டுக்கும்தான் வந்திருக்கிறான் என்கிறாள் மங்கம்மாள்.

எட்டாவது படிக்கும்போது எங்கள் தமிழய்யா இந்தக் கதையை நூலகப் புத்தகத்திலிருந்து உரக்கப் படித்தார். படிக்கும்போதே அவருக்குக் குரல் கம்மியது. ஊர்த்தெருப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் அழுதார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. பொய் சொல்லக்கூடாது. அப்போது பக்கத்தில் இருந்த என் கூட்டாளி என் காதில் கேட்டான்: 'டேய், அந்த ராஜா காலனிப் பையனா இருந்தா, குளிப்பாட்டுவாங்களாடா?'

முப்பது வருடமாக நான் படித்த எந்த விமர்சனக் கட்டுரையிலும் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை. கேட்டவன் ஒன்பதாவதோடு நின்று செங்கல் சூளைக்குப் போய்விட்டான். அதே தமிழய்யாதான் மாதாமாதம் வகுப்பு வாசலில் நின்று 'ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எழுந்திரிங்கடா' என்பார். நாங்கள் எழுந்து நிற்போம். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். ஊர்த்தெருவிலும் கஞ்சிக்கு இல்லாத வீடு இருந்தது, அந்த வீட்டுப் பையன் எங்கள் வகுப்பிலேயே இருந்தான். அவன் உட்கார்ந்தே இருப்பான். அவன் ஏழை. நாங்கள் எழுந்து நிற்கிறவர்கள். வகுப்புக்குத் தண்ணீர் எடுத்துவர அவனை அனுப்புவார்கள், எங்களை அனுப்பமாட்டார்கள். கதையைப் படித்து அழுத மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அழுவதற்கும் குடத்தைத் தொடவிடாமல் இருப்பதற்கும் நடுவில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். 'வறுமை' என்ற சொல் அவருக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்திருந்தது.

கி. ராஜநாராயணனின் 'கதவு' இன்னொரு கதை. லட்சுமியும் சீனிவாசனும் தங்கள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு ஆடுகிறார்கள், அதைப் பஸ்ஸாக்கி ஓட்டுகிறார்கள், தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டி அழகு பார்க்கிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆள்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். வாடைக் காற்று வீட்டுக்குள் நுழைகிறது, கைக்குழந்தை செத்துப்போகிறது. பின்னால் சாவடிப் பக்கம் கதவு கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். அரசு என்றால் என்ன என்று ஒரு குழந்தை தெரிந்துகொள்ளும் கதை. மறுக்கவில்லை. ஆனால் தீர்வை பாக்கி வர வேண்டுமென்றால் முதலில் நிலம் வேண்டும். கழற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால் முதலில் கதவு வேண்டும். நான் பிறந்த தெருவில் படல்தான் இருந்தது. தலையாரி வந்தாலும் எங்களிடம் எடுத்துப்போக ஒன்றும் கிடையாது, எங்களைத்தான் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவான். இழப்பதற்கு ஏதாவது இருந்தவனின் வறுமை கதையாகிவிட்டது. எதுவும் வைத்துக்கொள்ளவே விடப்படாதவனின் வறுமை பின்னணிக் காட்சியாக, கருத்த உருவங்களாக, தூரத்து வயலில் குனிந்து நிற்கிறது.

எங்கள் பிள்ளைகள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். தென்னாற்காட்டுப் பக்கம் மல்லாட்டை பிடுங்குகிற பருவத்தில் பள்ளிக்கூடத்தில் எங்கள் பெஞ்சுகள் காலியாகிவிடும். சனி, ஞாயிறு என்று தொடங்கி அப்புறம் கிழமையே கிடையாது. கொடியிலிருந்து காயை ஆய்ந்து ஆய்ந்து விரல் நுனி வெடித்திருக்கும். சாயங்காலம் ஆய்ந்ததை அளப்பார்கள். அளந்ததில் ஒரு பங்கு கூலி. எங்கள் அம்மா ஆய்ந்த குவியலை அளக்கும்போது மரக்காலில் கோபுரம் கட்டுவார்கள். காய் சரிந்து விழ விழ, மேலே மேலே அள்ளிப்போட்டு, அதற்குப் பிறகுதான் 'ஒண்ணு' என்று எண்ணுவார்கள். கூலியை அளக்கும்போது அதே மரக்காலை உள்ளங்கையால் தலை தட்டுவார்கள். சமமாகத் தட்டினால்கூடப் பரவாயில்லை, குழியாகத் தட்டுவார்கள். எனக்கு அப்போது ஏழு வயசோ எட்டு வயசோ. 'எம்மா, அதே மரக்காதானே?' என்று கேட்டேன். 'வாய மூடிக்கினு முந்தானையப் புடி' என்றாள் அம்மா. முந்தானையைத் தாழ்த்தி விரித்துப் பிடித்தோம். ஆள் நின்றபடி மேலேயிருந்து கொட்டினான். சிதறியதைப் பொறுக்கினோம். கணக்கெழுத உட்கார்ந்திருந்தவன் ஆண்டை வீட்டுப் பையன், என் வகுப்பு. வாய்ப்பாடு அவனைவிட எனக்குத்தான் நன்றாக வரும்.

இந்த மரக்காலைப் பற்றித்தான் பேச வேண்டும். இல்லாமை என்பது வேறு, இது வேறு. எங்களிடம் இல்லை என்பதை மட்டும் அன்றைக்கு நான் கற்றுக்கொள்ளவில்லை. எங்களிடமிருந்து எடுக்கும்போது ஓர் அளவு, எங்களுக்குக் கொடுக்கும்போது ஓர் அளவு, அதைத் தட்டுகிற கை எப்போதும் அவர்களுடையது, அதை எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்பதைக் கற்றுக்கொண்டேன். என் அக்கா அந்த வருடம் மல்லாட்டைக்கு நின்றவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. என்னைத் திருப்பி அனுப்பினார்கள், அவளை அனுப்பவில்லை. அதுவும் ஒரு மரக்கால்தான். அதை எங்கள் வீட்டிலேயே தட்டினார்கள்.

இந்த அறிவு புனைகதைக்குள் நுழைய வழியில்லாமல் வெளியே நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் அது முதலில் தன்வரலாறாக வந்தது என்று நினைக்கிறேன். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அது நாவலா, சுயசரிதையா, என்ன மொழி இது என்று திண்டாடினார்கள். அதில் மூன்றாவது படிக்கிற பெண் பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள். அவர்கள் தெருப் பெரியவர் ஒருவர் வடையோ பஜ்ஜியோ இருக்கிற பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாய்க்கரிடம் பணிந்து கொடுக்கிறார். பிள்ளைக்குச் சிரிப்பாக வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, ஏன் அப்படி என்று விளக்குகிறான். அந்தப் பெரியவருக்குப் பசித்ததா, அவரிடம் காசு இருந்ததா என்பதெல்லாம் அந்த இடத்தில் கேள்வியே இல்லை. பொட்டலத்துக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற அந்த நூலின் நீளம்தான் கேள்வி. 'ஏழை' என்கிற சொல்லை வைத்து இந்த நூலை அளக்க முடியுமா?

வடக்கே ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997இல் வந்தது. ஜூட்டன் என்றால் எச்சில் சோறு. படிக்கப் போன பையனின் கையில் தலைமையாசிரியர் துடைப்பத்தைக் கொடுத்து மைதானத்தைப் பெருக்கச் சொல்கிறார், நாள்கணக்காக. மூன்றாம் நாள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த அப்பா பார்த்துவிட்டுச் சண்டைக்கு நிற்கிறார். மகன் பசியோடு இருந்ததைத் தாங்கிக்கொண்ட தகப்பனால் மகன் கையில் இருந்த துடைப்பத்தைத் தாங்க முடியவில்லை.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) புனைகதைதான். எழுதியவர் தலித் அல்ல. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, பார்க்கத் தெரிந்தவர் பார்த்திருக்கிறார். கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி என்று ஆடு மேய்க்கிற பண்ணையத்துப் பிள்ளைகள். பெயர்களைப் பாருங்கள். உடம்பின் அளவும் ஊனமும் வயிறும்தான் பெயர். கவுண்டர் மகன் செல்வன் அவர்களோடு சேர்ந்துதான் விளையாடுகிறான், கூளையனுக்கு அவன் கூட்டாளிதான். ஆனாலும் விளையாட்டிலும் கவுண்டர் மகன் கவுண்டர் மகன்தான். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் நட்பால் ஒன்றாகிவிடுகிற கதைகளைச் சினிமாவில் நூறு முறை பார்த்திருக்கிறோம். இந்த நாவல் அந்த நட்பைக் கொண்டுபோய்க் கிணற்று விளிம்பில் நிறுத்துகிறது.

இடதுசாரித் தோழர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கூலி, நிலம், உபரி என்று நாங்களும்தானே எழுதினோம் என்பார்கள். எழுதினீர்கள் தோழர். எங்களை 'விவசாயத் தொழிலாளி' என்று எழுதினீர்கள். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று கூலி உயர்வு கேட்டதற்காகக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கேட்டது கூலி. எரிந்தது சேரி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவதற்கு நமக்கு எத்தனை வருடம் பிடித்தது? அந்தச் சம்பவத்தை வைத்து எழுதிய 'குருதிப்புனல்' நாவல் பண்ணையாரின் ஆண்மைக் குறையில் போய்க் காரணம் தேடியது. அதற்கு 1977இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது.

எங்கள் தெருவுக்குள்ளேயும் மரக்கால் இருக்கிறது என்பதை மறைத்துவிட்டுப் பேசினால் நானும் யோக்கியன் இல்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம் பத்திரிகைகளிலேயே சண்டை நடந்தது. பறையர் வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற ஆரோக்கியம், பொழுது சாய்ந்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளிலேயே ராச்சோறு கேட்டு நிற்கிறாள். இதை எழுதலாமா, எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா என்றார்கள். எழுதத்தான் வேண்டும். ஊரில் கை தாழ்த்தி வாங்கிய பிள்ளை, சாயங்காலம் தன் வீட்டு வாசலில் அந்தப் பாத்திரத்தை எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தது என்பதும் எங்கள் கதைதான்.

இப்போது இதெல்லாம் ஏன் என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். ஏழை யார் என்று கதை சொல்லிச் சொல்லி வைத்ததைச் சட்டம் இன்றைக்கு எழுதிக்கொண்டுவிட்டது. அதனால்தான். 2019இல் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே, நிலம் 5 ஏக்கருக்குக் கீழே. பட்டியல் சாதியும் பழங்குடியும் பிற்படுத்தப்பட்டோரும் இதற்குள் வரமுடியாது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் செல்லும் என்றது. ஏழைகளில் பெரும்பான்மையாக இருக்கிறவர்களையே வெளியே நிறுத்துவது பாரபட்சம் என்று இரண்டு நீதிபதிகள் மறுத்து எழுதினார்கள், அது சிறுபான்மைத் தீர்ப்பாகக் கிடக்கிறது. நாலரை ஏக்கர் வைத்திருக்கிறவர் ஏழை. ஒரு சென்ட் இல்லாத என் சித்தப்பா அந்தச் சட்டத்தின்படி ஏழை இல்லை. உங்களுக்குத்தான் தனி ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது வறுமைக்குக் கொடுத்தது அல்ல, தீண்டாமைக்குக் கொடுத்தது. ஆக, இரண்டும் வேறுவேறு என்று அவர்களுக்கே நன்றாகத் தெரிகிறது. சட்டம் எழுதும்போது தெரிகிறது, சலுகை கொடுக்கும்போது தெரிகிறது. கதை எழுதும்போதும் கட்டுரை படிக்கும்போதும் மட்டும் பசிக்குச் சாதி கிடையாது. என்னங்கய்யா நியாயம்? 'ஓர் ஊரிலே ஓர் ஏழைப் பிராமணன்' எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறான் பாருங்கள்.

வறுமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறவர்கள் பூமணியின் 'வெக்கை'க்கு (1982) என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? சிதம்பரத்துக்கு 15 வயசு. அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு அய்யாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். வடக்கூரானுக்கு ஆத்திரம் வந்தது அவர்கள் இல்லாதவர்களாக இருந்ததாலா? அவர்களிடம் கொஞ்சம் நிலம் இருந்தது, அதைக் கொடுக்கமாட்டேன் என்றார்கள். அதற்காகத்தான் கொலை. சாதிப் பெயரை நாவல் சொல்லவில்லை. சொல்லாமலே அந்த வயசுப் பையன் எதைத் தெரிந்துகொண்டான் என்பது நமக்குத் தெரிகிறது. கஞ்சிக்கு இல்லாமல் இருந்தால் உச்சுக் கொட்டுவார்கள், காலடியில் நிலம் இருந்தால் வெட்டுவார்கள். 1892இல் வெள்ளைக்காரன் அரசாங்கம் பஞ்சமர்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலம் கைமாறிப் போனதைக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் கூடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் சோறு கேட்கவில்லை. பட்டா கேட்டார்கள்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். தமிழ்ச் சிறுகதைகளில் குழந்தைகள் என்பது தலைப்பு. நாலாவது இயலுக்கு 'சாதி அறிதல்' என்று பெயர் வைத்திருந்தாள். நெறியாளர் அதை அடித்துவிட்டு 'வறுமைச் சித்திரிப்பு' என்று எழுதிக் கொடுத்தாராம். 'இதுதாம்மா எல்லாருக்கும் பொதுவா இருக்கும், வாய்மொழித் தேர்வுல பிரச்சினை வராது' என்றாராம். பிரதியை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். சிவப்பு மையில் அழகான கையெழுத்து. அதற்குக் கீழே அவள் பென்சிலால் மறுபடியும் பழைய தலைப்பையே எழுதி வைத்திருக்கிறாள். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் தேதி வரவில்லை.